அம்பாசடர் டேஷ்போர்டில் கடகட சத்தம்: பிறக்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி?

பழைய கார் வைத்திருப்பவர்களை இன்ஜின் கோளாறைவிட அதிகம் படுத்தி எடுப்பது டேஷ்போர்டுக்குள்ளிருந்து வரும் கடகட சத்தம்தான். வண்டி நன்றாக ஓடும், இழுக்கும், பிரேக் பிடிக்கும். ஆனால் ஐம்பதைத் தாண்டியதும் எங்கோ ஒரு தகடு நடுங்க ஆரம்பிக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் சத்தம் வராது. அங்கே தரை சமம், வண்டி நகர்வதும் மெதுவாக. நடுக்கம் உண்டாகிற சூழலே அங்கே இல்லை. அதனால் இந்த வேலையில் பாதியை வண்டிக்காரர்தான் செய்தாக வேண்டும். எப்போது வருகிறது, எப்படி வருகிறது, எங்கே கை வைத்தால் நிற்கிறது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துகொண்டு போனால், மீதியை ஒரு நல்ல மெக்கானிக் அரை நாளில் முடித்துவிடுவார். பொறுமை இருந்தால் அதையும் நீங்களே செய்யலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தம் பிறக்கும் இடம் தெரியும்வரை ஒரு ஸ்க்ரூவைக்கூட முறுக்காதீர்கள், ஒரு துண்டு ஸ்பாஞ்சைக்கூடச் செருகாதீர்கள். கண்ணில் படும் ஸ்க்ரூவையெல்லாம் இறுக்கினால், ஐம்பது வருஷத் தகட்டில் இருக்கிற செல்ஃப் டேப்பிங் (ஸ்க்ரூவே மரை வெட்டிக்கொண்டு இறங்கும்) ஓட்டைகள் பிய்ந்துகொள்ளும். இன்று ஒரு சத்தம் நிற்கும், அடுத்த மாதம் இரண்டு கிளம்பும். ஸ்பாஞ்சு அடைத்தால் சத்தம் மங்கும், அதோடு தடயமும் போய்விடும். பிறகு யார் தேடினாலும் கிடைக்காது.

இங்கே அம்பாசடரை வைத்துத்தான் பேசுகிறேன். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வடிவத்திலிருந்து வந்து, 1950களின் கடைசி தொடங்கி 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான வண்டி. அந்த இடைவெளியில் டேஷ்போர்டைத் தொழிற்சாலை பலமுறை மாற்றியது. வாங்கியவர்கள் மாற்றியது அதைவிட அதிகம். மரப்பலகை போட்டவர், ரெக்சின் ஒட்டியவர், ஸ்டீரியோவுக்குத் தகட்டை வெட்டியவர், அடியில் ஏசி தொங்கவிட்டவர் என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனால் ‘இந்த ஸ்க்ரூவைப் பாருங்கள்’ என்று ஒரே வரியில் யாராலும் சொல்ல முடியாது. தேடும் முறையைத்தான் சொல்ல முடியும். அந்த முறை பத்மினி, பீட்டில், ஹெரால்டு போன்ற மற்ற பழைய கார்களுக்கும் பொருந்தும். வித்தியாசம் வரும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

சத்தத்தை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

கடகடப்பும் கிறீச்சும் வேறு வேறு. இரண்டு பொருள்களுக்கு நடுவே இடைவெளி இருந்து, அவை ஒன்றையொன்று தட்டினால் கடகட, கிலுகிலு, டக்டக் என்று வரும். இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்கள் உரசி, பிடித்துப் பிடித்து நழுவினால் கிறீச், கிர்ர் என்று வரும். முதலாவதற்கு மருந்து இறுக்குவது அல்லது இடைவெளியை நிரப்புவது. இரண்டாவதற்கு மருந்து அவற்றைப் பிரித்து நடுவில் ஒரு மெத்தையை வைப்பது. கிறீச்சிடும் இடத்தை இன்னும் இறுக்கினால் சத்தம் பெரும்பாலும் கூடத்தான் செய்யும்.

மூன்றாவதாக டிக்டிக் என்று ஒரு சத்தம் உண்டு. வேகம் கூடக்கூட அதன் தாளமும் சீராக வேகமெடுக்கும். கூடவே வேகம் காட்டும் ஸ்பீடோமீட்டர் முள்ளும் ஆடினால் வேறெங்கும் தேட வேண்டாம், நேரே மீட்டர் கேபிளுக்குப் போங்கள். அதற்குத் தனியாகவே கீழே எழுதியிருக்கிறேன்.

நேரமும் தடயம்தான். காலையில் குளிர்ந்த வண்டியில் வந்து, வெயிலில் நின்ற பிறகு நிற்கிறதா? அல்லது நேர்மாறாகவா? பிளாஸ்டிக்கும் ரெக்சினும் சூட்டில் விரியும் அளவு இரும்புத் தகடு விரியாது. சூட்டைப் பொறுத்து மாறும் சத்தம் பெரும்பாலும் இந்த இரண்டும் சேரும் விளிம்பில்தான் இருக்கும். மரப்பலகை போட்ட வண்டியில் மழைக்காலத்தில் சத்தம் அடங்கி, பங்குனி சித்திரையில் திரும்பி வந்தால், பலகை காய்ந்து சுருங்கி ஸ்க்ரூவிடம் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

எது ஆட்டுகிறது?

டேஷ்போர்டு தானாக ஆடாது. இன்ஜின் ஆட்டும், சக்கரம் ஆட்டும், இல்லையென்றால் ரோடு ஆட்டும். இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

முதல் சோதனைக்கு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொண்டு, இன்ஜினை ஐடிலிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். சட்டென்று மிதிக்கக் கூடாது, இழுத்து இழுத்து ஏற்ற வேண்டும். ஏதாவது ஒரு இடத்தில் சத்தம் கிளம்பி, அதைத் தாண்டியதும் அடங்கினால், அந்த வேகத்தில் ஏதோ ஒரு தகடோ பிராக்கெட்டோ இன்ஜினோடு ஒத்து அதிர்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிதல் நடக்கும். 750 ஆர்பிஎம் ஐடிலில் நொடிக்கு 25 அதிர்வு, 3000இல் 100. எந்த ஆர்பிஎம்மில் சத்தம் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். டேகோமீட்டர் இல்லாத வண்டி என்றால் ‘ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே’ என்ற அளவில் காதில் பதிந்தால் போதும்.

அடுத்தது ஆளில்லாத நேரான ரோட்டில். சத்தத்தை வரவைக்கும் வேகத்துக்கு ஏறி, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருள விடுங்கள். சாவியை அணைக்கக் கூடாது. ஸ்டீயரிங் பூட்டு உள்ள வண்டியில் அது பூட்டிக்கொள்ளலாம், பிரேக் பூஸ்டர் இருக்கும் வண்டியில் அதுவும் கைவிடும். நியூட்ரலில் சத்தம் நின்றால் இன்ஜின் பக்கம். நிற்காமல், வேகம் குறையும்போதுதான் குறைகிறது என்றால் சக்கரம், டயர், கார்டன் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) பக்கம். அம்பாசடரின் 15 அங்குலச் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு எட்டுச் சுற்றுக்குக் கிட்டத்தட்டச் சுற்றும். பேலன்ஸ் சரியில்லாத டயர் அதே தாளத்தில் முன்பக்கத்தை உதைத்துக்கொண்டிருக்கும். அங்கே வீல் பேலன்ஸிங் செய்யாமல் டேஷ்போர்டைக் கழற்றுவது வீண் வேலை.

இரண்டிலும் வராமல் மேடுபள்ளத்தில் மட்டும் வந்தால் அது ரோட்டுச் சத்தம், அதாவது எங்கோ ஒன்று தளர்ந்து கிடக்கிறது. இதற்கு வேகத்தடை தேவையில்லை. ஒட்டுப்போட்ட தார் ரோட்டில் இருபது, இருபத்தைந்தில் போனாலே தெரியும். இடது சக்கரத்தை மட்டும் ஓரத்து மண்ணில் இறக்கி ஓட்டிப் பாருங்கள், பிறகு வலது சக்கரத்தை மட்டும். சத்தம் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் அப்போதே பிடிபட்டுவிடும். டயர் காற்றை மட்டும் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காற்று அதிகமாக இருக்கும் டயர் நல்ல வண்டியைக்கூடக் கடகடக்க வைக்கும்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் கூட ஒருவர் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும், காது கொடுப்பது மற்றவர் வேலை.

வண்டிக்குச் சொந்தமில்லாததை இறக்குங்கள்

கிளவ் பாக்ஸில் இருப்பது, சீட்டுக்கு அடியில் உருள்வது, டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, ஸ்பானர் பை, எல்லாம் வெளியே வரட்டும். சாவிக்கொத்தில் வண்டிச் சாவியை மட்டும் தனியாகப் பிரித்து ஓட்டிப் பாருங்கள். கொத்துச் சாவி ஸ்டீயரிங் காலம் என்கிற தண்டில் தட்டும் சத்தம், கேட்பவருக்கு டேஷ்போர்டுக்குள்ளிருந்து வருவது போலவே இருக்கும்.

டேஷ்போர்டின் மேலே ஒட்டியிருக்கும் பிள்ளையாரையும் பாருங்கள். அடியில் இருக்கும் இரட்டைப் பக்க டேப் வெயிலில் காய்ந்து ஒரு ஓரம் விட்டிருந்தால், பித்தளைச் சிலை தகட்டைத் தட்டிக்கொண்டே வரும். குட்டி மின்விசிறி மாட்டியிருந்தால் அதன் கூண்டையும் கிளாம்பையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆஷ் டிரேயை உருவி வெளியே எடுத்து வைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். கண்ணாடியை ஒட்டிய இடுக்குகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நாணயம், பேனா மூடி, ஹேர்பின் ஏதாவது அகப்படும்.

டேஷ்போர்டுக்கு வெளியே பிறந்து உள்ளே கேட்கும் சத்தங்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். டேஷ்போர்டு, கவுல் (முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகடு), ஃபயர்வால் (இன்ஜினையும் வண்டியின் உள்பக்கத்தையும் பிரிக்கும் தகடு), முன்கண்ணாடியின் சட்டம் எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட தகடுகள். பானெட்டுக்குள் பிறக்கும் தட்டல் அந்தத் தகடு வழியே வந்து, முகத்துக்கு நேரே இருக்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். காதுக்கு அது மீட்டருக்குப் பின்னாலிருந்து வருவதாகத்தான் தோன்றும். ஆகவே உள்ளே கை வைக்கும் முன் வெளியே ஒரு சுற்று.

பானெட்டிலிருந்து தொடங்குங்கள். மூடிய பானெட்டின் நான்கு மூலையிலும் உள்ளங்கையால் அழுத்தி விடுங்கள். எங்காவது டொக் என்று இறங்கினால் அங்கே ரப்பர் பஃபர் தேய்ந்திருக்கிறது, அல்லது கழன்றே போயிருக்கிறது. பின்பக்கக் கீல்கள் கவுலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கீல் பின் தேய்ந்தாலும் சத்தம் டேஷில்தான் கேட்கும். பானெட்டின் விளிம்பைச் சுற்றி மாஸ்க்கிங் டேப் ஒட்டி ஓட்டிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பானெட்டைத் தாங்கும் கம்பி அதன் கிளிப்பில் இறுக்கமாக உட்கார்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் பேட்டரியின் பிடிப்புச் சட்டம், ஏர் ஃபில்டர், ஹாரன் பிராக்கெட், ஃபயர்வாலைத் துளைத்து உள்ளே போகும் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கம்பி. கேபிள் நுழையும் ஓட்டையில் ரப்பர் குரோமெட் இல்லாமல் போயிருந்தால் இன்ஜின் அதிர்வெல்லாம் நேரே டேஷ்போர்டுக்கு ஏறும். அந்த ஒரு ரப்பரைப் போட்டாலே பல வண்டிகளில் ஐடில் நடுக்கம் பாதியாகக் குறையும். இன்ஜின் மவுண்டிங் உட்கார்ந்துவிட்டதா, சைலன்சர் குழாய் எங்காவது பாடியைத் தொடுகிறதா என்று அடியில் படுத்துப் பாருங்கள். டீசல் வண்டியில் இந்த இரண்டையும் பார்க்காமல் மேலே போகவே கூடாது.

ஸ்டீயரிங் காலத்தில் கியர் இருக்கும் வண்டியில், சத்தம் வரும்போது கியர் லீவரை லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உடனே அடங்கினால், புஷ் தேய்ந்த லிங்க் ராடுதான் குற்றவாளி. கதவின் மூலையில் இருக்கும் சின்ன முக்கோணக் குவார்ட்டர் கண்ணாடியை விரலால் அழுத்திப் பாருங்கள். கதவுக் கண்ணாடியை முழுக்க ஏற்றி ஒருமுறை, முழுக்க இறக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வைப்பர் கைகளை நிமிர்த்திவிட்டு ஓட்டிப் பார்ப்பதையும் மறக்க வேண்டாம்.

கையும் காதும்

வெளியே ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு டேஷ்போர்டுக்கு வாருங்கள். கூட வருகிறவர் உள்ளங்கையை விரித்து, இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு, ஒவ்வொரு சாணாக அழுத்திக்கொண்டே வரட்டும். மேல் விளிம்பு ஒரு சுற்று, முகப்பு ஒரு சுற்று, கீழ் விளிம்பு ஒரு சுற்று. கை வைத்ததும் சத்தம் நிற்கிற இடத்தில் சின்ன டேப் துண்டு ஒட்டி அடையாளம் போடுங்கள். சத்தம் நிற்காமல் சுருதி மட்டும் மாறினால் அதையும் குறியுங்கள். அது பிறக்கும் இடம் அல்ல, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. அகலமான தகட்டில் நடுவில் கை வைத்தால், ஒரு அடி தள்ளி இருக்கும் தளர்ந்த பிராக்கெட்டும் அடங்கிவிடும். தகட்டின் ஆட்டத்தையே கை நிறுத்திவிடுவதால் அப்படி. ஆகவே முதலில் உள்ளங்கையால் பகுதியைக் கண்டுபிடியுங்கள், பிறகு ஒரே விரலால் புள்ளியைத் தேடுங்கள்.

வண்டியை நிறுத்திய நிலையில், முதல் சோதனையில் குறித்துவைத்த அதே ஆர்பிஎம்மில் இன்ஜினை வைத்துக்கொண்டு, ஒரு மீட்டர் நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை டேஷுக்கு அடியில் நகர்த்துங்கள். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. குழாய் காற்றில் வரும் சத்தத்தைக் கேட்கும், ஸ்டெதஸ்கோப்பின் கம்பி தகட்டில் வரும் சத்தத்தைக் கேட்கும். தகடு முழுக்கச் சத்தம் பரவுவதால் கம்பி சில சமயம் குழப்பும். அந்த நேரத்தில் குழாய்தான் கைகொடுக்கும்.

இன்ஜினே இல்லாமலும் ஒரு வழி உண்டு. கொஞ்சம் பேஸ் வரும் புளூடூத் ஸ்பீக்கரை இடதுபக்கக் கால் வைக்கும் இடத்தில் வைத்து, ஃபோனில் ஒலி எழுப்பும் அலைவரிசை ஜெனரேட்டர் செயலியில் 30 ஹெர்ட்ஸ் தொடங்கி 150 வரை மெதுவாக ஏற்றுங்கள். தளர்ந்திருக்கும் பொருள் தன் சுருதி வந்ததும் தானாகப் பாட ஆரம்பிக்கும். இன்ஜின் இரைச்சல் இல்லாததால் நிதானமாகக் குனிந்து தேடலாம். ஃபோனின் சொந்த ஸ்பீக்கர் இந்தத் தாழ்ந்த சுருதிகளைத் தராது. வண்டியின் ஸ்டீரியோவிலும் போட வேண்டாம், டேஷில் பதித்த ஸ்பீக்கரே நடுங்கி வழிமாற்றிவிடும்.

பிரிக்கும் முன்

பேட்டரியைக் கழற்றுங்கள். பழைய வண்டிகளில் ஃபியூஸே இரண்டு மூன்றுதான் இருக்கும். ஹெட்லைட், இக்னிஷன் போன்ற பெரிய கம்பிகள் ஃபியூஸ் வழியே போகாமலும் இருக்கலாம். ஆம்மீட்டர் உள்ள வண்டியில் அதன் பின்பக்கம் எந்நேரமும் கரண்ட் இருக்கும். ஒரு ஸ்பானர் குறுக்கே பட்டால் வயரிங் கட்டு முழுக்கப் புகைந்துவிடும். கழற்ற வேண்டியது பாடியில் போய் இணையும் முனையை. அது நெகட்டிவ்தான் என்று நினைத்துக் கை வைக்காதீர்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பில் பாசிட்டிவ் எர்த் வண்டிகள் உண்டு. கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

ஸ்பானர் விஷயத்திலும் கவனம் வேண்டும். அம்பாசடரில் பெரும்பாலும் அங்குல அளவு நட்டுகள். 7/16க்கு 11 மில்லிமீட்டரும், 1/2க்கு 13 மில்லிமீட்டரும் ஏறக்குறைய உட்காரும். அந்த ஏறக்குறையதான் நட்டின் முனையை மழுங்கடிக்கிறது. பத்மினி இத்தாலிய வம்சம், பீட்டில் ஜெர்மன், அவற்றுக்கு மில்லிமீட்டர் செட். கழற்றும் ஒவ்வொரு இடத்தையும் முதலில் ஃபோனில் படம் எடுத்துவிட்டு, ஸ்க்ரூக்களை ஒரு அட்டையில் வரைந்த டேஷ்போர்டு படத்தில் அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

கிளவ் பாக்ஸ்

நான் எந்த வண்டியிலும் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். நீளமான மூடி, இரண்டு கீல், நடுவில் ஒரே ஒரு பூட்டு. ஓரங்கள் காற்றில் நிற்கின்றன.

ஒரு பேப்பர் துண்டை மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மூடி, மெதுவாக உருவுங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் அந்த இடம் இறுக்கம். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. சுற்றிலும் இப்படிப் பார்த்தால் மூடி எந்த மூலையில் தொடாமல் நிற்கிறது என்பது தெளிவாகத் தெரியும். தொடாத மூலையில் ஒரு சின்ன ரப்பர் பட்டன் ஒட்டுங்கள். பூட்டு கொக்கி மாட்டும் தகட்டின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி முறுக்குங்கள். மூடும்போது லேசான எதிர்ப்போடு டக் என்று பூட்ட வேண்டும், திறக்கும்போது மூடி தானாக ஒரு அரை விரல் வெளியே வர வேண்டும். அதுதான் சரியான அழுத்தம்.

உள்ளே இருக்கும் அட்டைப் பெட்டியையும் பாருங்கள். பழைய அட்டை ஈரத்தில் ஊதி, ஸ்டேப்பிள் விட்டு, தகட்டைத் தட்டிக்கொண்டிருக்கும். அதை வெளியே எடுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினால் தெரிந்துவிடும். அட்டை நல்ல நிலையில் இருந்தால் ஓரத்தில் ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) ஒட்டினால் போதும், இல்லையென்றால் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள். பெட்டி வெளியே வந்தால் இன்னொரு லாபம், இடதுபக்க டேஷின் பின்புறம் முழுக்கக் கைக்கு எட்டும். பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டமே இல்லை. முன்பக்க டிக்கியைத் திறந்து அட்டையை எடுத்தால் டேஷின் முதுகு கண்முன் இருக்கும்.

மீட்டர் கேபிள்

டிக்டிக் சத்தம் என்றால் இது. மீட்டரின் பின்னால் இருக்கும் சொரசொரப்பான வளைய நட்டைக் கையாலேயே கழற்றி, உள் கேபிளை முழுதாக வெளியே உருவி எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வெறுமே மேல்முனையை மட்டும் கழற்றித் தொங்கவிட்டு ஓட்டாதீர்கள். உள்ளே சுழலும் கம்பி எந்த டெர்மினலிலாவது பட்டால் ஆபத்து. கேபிள் இல்லாமல் ஓடும்போது சத்தமும் இல்லை என்றால் விஷயம் முடிந்தது.

உருவிய கேபிளைத் தரையில் நேராக வைத்து, ஒரு முனையை விரலால் உருட்டுங்கள். சீராக உருண்டால் நல்லது. ஓரிடத்தில் துள்ளினால் அங்கே கோணல் இருக்கிறது, வேறு மாற்ற வேண்டும். நல்ல கேபிள் என்றால் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசி உள்ளே விடுங்கள். மீட்டர் பக்கம் இருக்கும் கடைசி 20 சென்டிமீட்டரை மட்டும் கிரீஸ் இல்லாமல் துடைத்துவிட வேண்டும். சுழலும் கம்பியோடு கிரீஸ் மேலே ஏறி மீட்டருக்குள் போய்விட்டால் முள் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பழுது இந்தச் சத்தத்தைவிடப் பெரிய செலவு. வெளிக்குழாய் எங்கும் கூர்மையாக மடங்காமல், 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாத வளைவில் போக வேண்டும். ஃபயர்வால் ஓட்டையில் குரோமெட் இருக்க வேண்டும். இதுவும் பீட்டிலில் வேறு மாதிரி. அங்கே கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வராது, முன் இடது சக்கரத்தின் நடுவிலிருந்து வரும். அந்த முனையின் கிளிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

டேஷின் முதுகில்

தலையைக் கீழே விட்டு, டார்ச் அடித்து, முதலில் எதையும் தொடாமல் பாருங்கள். நீங்கள் தேடுவது ஒரு தூள். இரும்பும் இரும்பும் வருஷக்கணக்கில் உரசும் இடத்தில் செம்மண் நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருக்கும். அலுமினியம் உரசினால் பொடி கறுப்பாக இருக்கும். பெயின்ட் மட்டும் தேய்ந்து தகடு பளபளவென்று ஒரு நகக்கண் அளவு தெரிந்தால் அதுவும் அடையாளம்தான். காது ஏமாறும், இந்தப் பொடி ஏமாற்றாது. சாதாரணத் துரு பரவலாகப் படர்ந்திருக்கும். உரசல் பொடி தொடும் இடத்தில் மட்டும் குவிந்து, விரலால் தடவினால் பூப்போல வந்துவிடும்.

வயரிங் கட்டு தொங்குகிறதா என்று பாருங்கள். ஒட்டுப்போட்ட வயர்கள், எப்போதோ கழற்றிய ஸ்டீரியோவின் அனாதை கனெக்டர்கள், எல்லாம் தகட்டைத் தட்டும். துணி டேப் சுற்றி, கேபிள் டை போட்டு, நிலையான இடத்தில் கட்டுங்கள். பிவிசி டேப் எங்கள் ஊர் வெயிலில் பசை உருகி வழுக்கிவிடும்.

மீட்டரைப் பிடித்திருக்கும் பிராக்கெட் நட்டுகளை விரல் இறுக்கத்துக்கு மேல் கால் சுற்றுதான் முறுக்கலாம். அதற்கு மேல் போனால் போல்ட் முனை மீட்டரின் கூட்டோடு பிய்ந்து வந்துவிடும். தளர்வது தொடர்ந்தால் ஸ்ப்ரிங் வாஷர் போடுங்கள், முறுக்கைக் கூட்ட வேண்டாம்.

வைப்பர் மோட்டாரிலிருந்து கைகளுக்குப் போகும் பல் கேபிள், பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் ஒரு மெல்லிய உலோகக் குழாய்க்குள் ஓடும். குழாயைப் பிடிக்கும் கிளிப் விட்டிருந்தால், கான்கிரீட் ரோட்டில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சர்ர்ர் என்று வரும். வைப்பரை ஓட விட்டதும் அந்தச் சத்தம் மாறினால் அங்கே தேடுங்கள்.

அடியில் தொங்கும் ஏசி இருக்கும் வண்டியில் அதன் பிராக்கெட்டைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தக் கனமான காயில் பெட்டியை நான்கு செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவில் மெல்லிய தகட்டில் தொங்கவிட்டிருப்பார்கள். ஓட்டைகள் நீள்வட்டமாகிவிடும். அங்கே பெரிய ஸ்க்ரூ போடுவது தற்காலிகம். தகட்டின் மறுபக்கம் ஒரு பட்டைத் தகடு கொடுத்து, போல்ட், ரப்பர் வாஷர், நைலாக் நட் போட்டால் நிரந்தரம்.

ஸ்டீயரிங் காலத்தை டேஷோடு பிடிக்கும் கிளாம்ப்பில் ஆட்டம் தெரிந்தால் அதை நீங்களே வாஷர் வைத்துச் சரிக்கட்ட வேண்டாம், மெக்கானிக்கிடம் போங்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடம் அது.

டேஷின் இரண்டு முனைகளும் முன்தூணோடு சேரும் இடத்தில் ஸ்பாட் வெல்டு விட்டிருக்கலாம். தகட்டை நெம்பும்போது மயிரிழை திறந்து மூடும், நடுவில் அதே செம்மண் பொடி இருக்கும். கவுலில் மழைத்தண்ணீர் தேங்கித் துரு பிடித்திருக்கிறதா என்று அப்போது கட்டாயம் பாருங்கள். அம்பாசடருக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடித் தகடுதான் வண்டியின் பலம். அங்கே துரு இருந்தால் சத்தம் இரண்டாம்பட்சம், டின்கரிங் வேலைதான் முதலில். வெல்டிங் வைப்பதற்கு முன் வயரிங்கையும் மீட்டரையும் வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

எதை வைத்து நிறுத்துவது

தகடும் தகடும் தொடும் இடத்துக்கு ஃபெல்ட்தான் சிறந்தது. வெயிலைத் தாங்கும், சத்தம் போடாது. ஒரே குறை, ஈரம் உறிஞ்சும், அதனால் கவுலில் கசிவு இருக்கும் வண்டியில் வேண்டாம். நம் ஊர் பட்டறைகளில் சைக்கிள் டியூபை வெட்டி வைப்பார்கள். வெயில் படாத, எண்ணெய் படாத மறைவான இடத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். பிளாஸ்டிக்கும் ரெக்சினும் உரசிக் கிறீச்சிடும் இடத்துக்கும், ரப்பர் பீடிங்குக்கும் சிலிகான் கிரீஸ். சாதாரண எண்ணெயோ கிரீஸோ ரப்பரில் பட்டால் ஊதிப் பிசுபிசுக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்துச் சத்தத்தை நிறுத்துவது ஒரு வாரத்துக்குத்தான், அப்புறம் புழுதி ஒட்டிக்கொண்டு பழையபடி ஆகும்.

எம்-சீல் வைத்து ஒட்டாதீர்கள். அடுத்த முறை மீட்டர் பல்பு மாற்றவேண்டி வந்தால் தகட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மெத்தைக் கடை ஸ்பாஞ்சு சில வருஷத்தில் மாவாக உதிர்ந்துவிடும், அதுவரை ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். நுரைதான் வேண்டும் என்றால் தண்ணீர் உறிஞ்சாத மூடிய துளை நுரை வாங்குங்கள்.

மாட்டி ஓட்டிப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கிளவ் பாக்ஸைச் சரிசெய்தால் அதை மட்டும் மாட்டி, சத்தம் வந்த அதே ரோட்டில், அதே வேகத்தில், அதே வெயில் நேரத்தில் ஓட்டுங்கள். மூன்று வேலையை ஒன்றாகச் செய்துவிட்டு ஓட்டினால் எது மருந்து என்று தெரியாது, திரும்பி வரும்போது மூன்றையும் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். பெரிய சத்தம் அடங்கியதும், அதுவரை அதற்குள் மறைந்திருந்த ஒரு சின்னச் சத்தம் கேட்கத் தொடங்குவது சகஜம். புதிதாகக் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அதற்கும் முதலிலிருந்து இதே வரிசை.

பேட்டரியை மாட்டியதும் ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், மீட்டர் விளக்கு, பெட்ரோல் முள் எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். டேஷுக்குள் கை போன வண்டியில் ஒரு வயராவது கழன்றிருக்க வாய்ப்பு உண்டு. புதிதாக வைத்த ஃபெல்ட்டும் ரப்பர் வாஷரும் முதல் நீண்ட பயணத்தில் கொஞ்சம் அமுங்கும். ஊர் திரும்பியதும் அந்த ஸ்க்ரூக்களை மட்டும் கால் சுற்று இறுக்கிவிட்டு, எந்த இடத்தில் என்ன வைத்தீர்கள் என்று வண்டியின் சர்வீஸ் நோட்டில் எழுதி வையுங்கள்.